குஞ்சிதபாதம் சாரின் பீக்

"சார், பீக் பாதியாயிடுச்சு!"

விண்ணரசி பதறிப்போய்த் திரையைக் காட்டினாள். நெல் உமியைச் சுட்டு எடுத்த கரியில் ஒளியைப் பாய்ச்சினால், கணினித் திரையில் ஓடும் கோடு இடது ஓரத்தில் குபுக்கென்று மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றம்தான் பீக். அதைக் கண்டுபிடித்துத்தான் அவளுடைய பேராசிரியர் குஞ்சிதபாதம் விருது வாங்கினார். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியும் அதை நம்பித்தான். வெள்ளிக்கிழமைக்குள் அது சரியாக வராவிட்டால் பிஎச்.டி. அம்போ.

"சுத்தம் பத்தலை. கரியில அழுக்குப் பட்டா இப்படித்தான். நல்லாத் துடை," என்றார் அவர்.

கரியை வைக்கும் மெஷின் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பீக் கால்வாசியானது.

இது சும்மா நடக்கிற காரியமில்லை. பக்கத்து மேசை லின்சி இரண்டு நாளாக ஏன் இவ்வளவு அன்பாகச் சிரிக்கிறாள்?

"லின்சி, என் கரியில கை வச்சியா?"

"வலங்கைமான் மில்லு உமியைத் தொட்டு எனக்கு என்னடி ஆகப்போவுது?"

குற்றமுள்ளவள்தான் இப்படிக் கேட்பாள். விண்ணரசி கரியைப் பீரோவில் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடி மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கையுறை போட்டாள். புதுக் கரி சுட்டாள். தட்டை நான்கு முறை துடைத்தாள்.

கோடு வயல் வரப்பு போலப் படுத்துவிட்டது. பீக் சுத்தமாகக் காணோம்.

லின்சியைத் திட்டினாள். லின்சி அழுதாள். அதுவும் நடிப்பு என்றே இவளுக்குத் தோன்றியது. கடைசியில் விண்ணரசி பேராசிரியரின் அறைக்கே ஓடினாள்.

"சார், நீங்களே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க."

எதையோ மென்றபடி மேசையிலிருந்து எழுந்து வந்தார் குஞ்சிதபாதம். இரண்டு விரலால் அதே கரியைக் கிள்ளித் தட்டில் அழுத்தினார்.

கோடு விருட்டென்று உச்சிக்கு ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"எல்லாத்துக்கும் கைராசி வேணும்மா!"

விண்ணரசிக்கு அவமானத்தில் கண் கலங்கியது. லின்சியிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

கூட்டிப் பெருக்கும் அம்சம் அக்கா ஈரத்துணியோடு அலுத்துக்கொண்டே வந்தாள்.

"திருவையாத்து அசோகா அல்வாவத் தின்னுட்டுக் கையக் கழுவாம மெஷினத் தொடாதீங்கன்னு எத்தன வருசமாச் சொல்றேன் சார்? நெய்யத் தொடச்சு மாளலயே!"