ஒரு குத்துவிளக்கும் ஒரு கோரிக்கையும்

தமிழன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தே தீரவேண்டும் என்றால், பக்கத்தில் பொன்னாடை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் என் கையில் கிடைத்ததில் என்ன ஆயிற்று என்பது எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷன் முழுக்கத் தெரியும். உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அதிபர் தேர்தல் நேரம். எனக்குக் குடியுரிமை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் கட்சி பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு உருட்டிப் போவேன். (என் மனைவி சுமதி, “குப்பைகிட்டயுமா ஓட்டுக் கேக்கப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.)

எங்கள் தெருவில் ராஜேஸ்வரி என்று ஒருவர் இருந்தார். அவர் மகள் மீரா இங்கேயே பிறந்தவள், சட்டம் படித்தவள். கட்சியில் நம் ஆட்களைத் திரட்டும் பொறுப்பில் இருந்தாள். அடுத்த வருடம் ஊர் நிர்வாகம் பார்க்கும் டவுன்ஷிப் கவுன்சிலுக்கு அவளையே நிறுத்துவதாகக் கட்சி சொல்லியிருந்தது. நம் தெருப் பெண் கவுன்சிலில் உட்காரப்போகிறாள் என்று ராஜேஸ்வரியைவிட நான்தான் அதிகம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நண்பர் சண்முகத்தின் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தேன். எதிர்த்தரப்பு வேட்பாளரின் யோக்கியதையைப் பற்றி மீரா பேசவேண்டும். மடக்கு நாற்காலி, அலுமினிய ட்ரேயில் சமோசா, சண்முகத்தின் கரோக்கி மைக் எல்லாம் தயார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாவில் இருப்பவர்கள், ஓட்டுப் போட முடியாது. ஆனால் கைதட்டத் தெரிந்தவர்கள்.

மீரா நன்றாகப் பேசினாள். அந்த வேட்பாளர் முன்பு பதவியில் இருந்தபோது யாரிடம் என்ன பரிசு வாங்கினார், வாங்கிய பிறகு கொடுத்தவர்களுக்கு என்ன காரியம் நடந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். கடைசியில் எங்களுக்காகத் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

“கிஃப்ட் வாங்கிட்டு ஃபேவர் பண்ணினா, அது ஃப்ரெண்ட்ஷிப் இல்ல அங்கிள். அது லஞ்சம்.”

கைதட்டலில் டியூப்லைட் அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது நான். தட்டி முடித்து, நன்றியுரை சொல்ல மைக்கை வாங்கினேன்.

விருந்தினரை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஈரோட்டில் பள்ளி ஆண்டுவிழா முதல் பஸ் நிலையத் திறப்புவிழா வரைக்கும் நான் கண்ட ஒரே முறை இதுதான். பொன்னாடை, நினைவுப் பரிசு, பிறகு ஒரு கோரிக்கை. நான் கைகாட்டியதும் சண்முகம் வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்தார். மீரா ஓர் அடி பின்னால் போனாள்.

“அங்கிள், ப்ளீஸ். வேண்டாம். ஐ கான்ட் டேக் திஸ்.”

நம் வழக்கத்தில் எடுத்தவுடன் யார் வாங்கிக்கொள்வார்கள்? வேண்டாம் என்பது மரியாதை, மறுபடி நீட்டுவது பண்பு. நான் பண்பாட்டில் ஊறிய மட்டி. “சின்னப் பொண்ணு, கூச்சப்படுது” என்று மைக்கிலேயே சொல்லிச் சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. பொன்னாடையைப் போர்த்தி, விளக்கை அவள் கையில் திணித்து, அவள் விரல்களை நானே மடக்கிவிட்டு, கேமராவைப் பார்த்துத் திரும்பினேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

“நம்ம கட்சி ஜெயிச்சதும், இங்க இருக்கற நம்ம பசங்களோட கிரீன் கார்டு விஷயத்த மீரா கொஞ்சம் கவனிச்சு முடிச்சுக் குடுக்கணும். விளக்கு குடுத்தவங்க எல்லாம் அவங்கதான்!”

சண்முகம் பெருமையாக வீடியோவை இணையத்தில் போட்டார். மறுநாள் மதியத்துக்குள் எதிர்த்தரப்பு அதை எடுத்துக்கொண்டது. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. மொழிபெயர்ப்பில் ஒரு பிசகும் இல்லை. அத்தனை சுத்தமாகச் செய்யவேண்டுமென்றால் நம்மவர்தான் செய்திருக்கவேண்டும். எங்கள் சமோசாவைத் தின்றுவிட்டுக்கூடச் செய்திருக்கலாம். வேட்பாளர் வாங்கியதெல்லாம் பழைய நண்பர்களின் அன்பு என்று சாதித்தவர்களுக்கு, மீராவின் கையில் இருந்த விளக்கைப் பார்த்ததும் நீதி, நேர்மை எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. போதாததற்கு, விசாவில் இருப்பவர்கள் கொடுத்தது, தேர்தலில் சட்டம் தடுக்கிற அந்நிய நாட்டார் கொடுத்தது ஆகிவிட்டது.

சரி, அவர்கள் எதிரிகள். எங்கள் கட்சி என்ன செய்தது? மேடைக்கு மேடை நேர்மை பேசிய கட்சி, ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஒரே நாளில் அவளை விலக்கிவிட்டது. கவுன்சில் பேச்சும் அதோடு சரி. “அவள் வேண்டாம் என்றாள், திணித்தது நான்” என்று கட்சி அலுவலகத்துக்கு எழுதினேன். என் ஆதரவுக்கு நன்றி சொல்லி, நன்கொடை கேட்டுப் பதில் வந்தது. பேட்ஜைக் கழற்றி, இந்த முறை குப்பைத்தொட்டிக்குள்ளேயே போட்டேன்.

மீராவுக்கு போன் செய்தேன். என்னோடு எப்போதும் உடைந்த தமிழில் பேசுகிற பெண், அன்று ஒரு சொல்கூடத் தமிழில் பேசவில்லை.

“ஐ செட் நோ, அங்கிள். யூ லாஃப்ட்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மாலையில் ராஜேஸ்வரி வந்து, பொன்னாடையில் சுற்றிய விளக்கை எங்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். மணி அடிக்கவில்லை. அதைப் பூஜை அறையில் வைக்கச் சுமதி சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் கராஜில், பனி தள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் நிற்கிறது.

இதில் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு வரும் யாராவது, “அய்யோ, காபியெல்லாம் வேண்டாங்க” என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னாலும், “சரிங்க” என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். இரண்டாவது தோசையை வேண்டாம் என்றால் தட்டே காணாமல் போகும். சண்முகம் ஒரு கல்யாணம் காதுகுத்து விடாமல், “இவரு வீட்டுக்குப் போறதுன்னா சாப்ட்டுட்டுப் போங்கப்பா. ஒரு தடவ வேணாம்னா முடிஞ்சுது கத!” என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். என் மகள் நித்யாவுக்கு அது இன்னும் வசதி. நான் எதையாவது நீட்டினால், “நோ மீன்ஸ் நோ, அப்பா. ரிமெம்பர் த விளக்கு?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு வழி?

போன வாரம் மளிகைக் கடையில், கறிவேப்பிலைப் பக்கம் ராஜேஸ்வரி நின்றிருந்தார். வேறு ஊருக்குக் குடிபோய்விட்டவர், எதற்கோ இந்தப் பக்கம் வந்திருக்கிறார். எப்படியோ, “மீரா நல்லா இருக்காளாங்க?” என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

“வீடு பக்கந்தானுங்க. வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்.”

“வேண்டாங்க” என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை.