பேசி முடித்த நாலு செக்கன்

நெடுந்தீவில் உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கலாமா என்று தீர்மானிக்க, வலயக் கல்விப் பணிமனை ஓர் அதிகாரியைக் காலைப் படகில் அனுப்பிவைத்தது. ஒரேயொரு பரிசோதனை பார்ப்பார். திருப்தியென்றால் வகுப்பு. இல்லையென்றால் செல்வரத்தினத்தின் மகள் தர்சனா யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிக்கவேண்டும். பிள்ளையைப் பிரிய மனிசனுக்குத் துளியும் மனமில்லை. மாத்தறையில் கடை நடத்தித் தலை நரைத்தவர், பேரம் பேசாமல் மூச்சும் வாங்கமாட்டார். பரிசோதனை பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூடிய மற்றப் பெற்றோரைப் பின்னுக்குத் தள்ளி முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

கோபிகா ரீச்சர் இரண்டு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் பனம்பாணி. இரும்புக் குண்டைத் தண்ணீரில் போட்டார், டக்கென்று விழுந்தது. பாணியில் போட்டார், குண்டு கோயில் தேர்போல இறங்கியது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பிப்போகிற படகு இரண்டரைக்கு.

"ஏன் ரீச்சர் இது இழுபடுது?"

"பாணி தடிப்பு சேர். அதைத்தானே அளக்கிறம்."

"இது விரைவுக் கல்வி ஆண்டு. பின்தங்கின திரவத்தை நான் எப்பிடிச் சிபாரிசு செய்யிறது?"

செல்வரத்தினத்துக்குக் கோபம் உச்சியில் ஏறியது. விழுங்கிக்கொண்டு எழும்பினார்.

"எத்தினை செக்கனிலை விழவேணும் சேர்? சொல்லுங்கோ."

"ரெண்டு."

"ரெண்டோ! அசல் பாணி சேர், கட்டாது. பத்து."

"மூண்டு. அதுக்கு மேலை ஏலாது."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாலு!"

"அண்ணை, இது பேசித் தீர்க்கிற விசயம் இல்லை..." என்றார் ரீச்சர்.

"நீர் சும்மா இரும் பிள்ளை. யாவாரம் படியிற நேரம்."

நாலில் படிந்தது. பாணிக்குள் தண்ணீர் ஊற்றப்பட்டது. சமத்துவம் பேணும்பொருட்டுத் தண்ணீருக்குள் பாணி ஊற்றப்பட்டது. இரண்டிலும் குண்டு நாலே செக்கனில் விழ, பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள். அதிகாரி நண்டுக்கறியோடு சோறு சாப்பிட்டுப் படகேறினார்.

மறுமாதம் சுற்றறிக்கை வந்தது: "தீவின் சகல திரவங்களும் நாலு செக்கன் என்னும் உயரிய தராதரத்தை எய்தியுள்ளமையால், அவற்றை இனி அளக்கவேண்டிய அவசியம் இல்லை. அளக்க எதுவுமில்லாத இடத்தில் ஆய்வுகூடம் அநாவசியம். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் விஞ்ஞான வகுப்பு விதிமுறைக்கு முரணானது."

இறங்குதுறையில் தர்சனா பெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், அன்று கைதட்டிய அத்தனை பேரும் பெட்டியும் பிள்ளையுமாக நின்றார்கள். செல்வரத்தினம் படகுக்கார றொஜனைப் பிடித்தார்.

"அக்கரைக்கு, குறிகாட்டுவான் துறைக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம் அண்ணை."

"கொஞ்சம் மெதுவாய், ஒண்டரையிலை போகேலாதோ?"

றொஜன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பேசாதையுங்கோ அண்ணை. நீங்கள் பேசி முடிச்சா, கடலும் தேவையில்லையெண்டு சுற்றறிக்கை வரும்."