இடம் மாறும் பச்சைப் பொத்தான்

"கையேட்டுல பச்சைப் பொத்தான் மேலன்னு இருக்கு. திரையில கீழ இருக்கு. நர்ஸம்மா எதை நம்புறது, வுலான்?"

'பாக்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ஹெந்தார் குரலை உயர்த்தவில்லை. அதுதான் வுலானைப் பயமுறுத்தியது. இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் இயங்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில், தடுப்பூசிச் செயலிக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ. மேலாளர் ஹெந்தார் கையேட்டை மந்திரம்போல் வாசிப்பார். நிரலாளர் செசெப் அதன்படி திரையைத் தொட்டுக் காட்டுவான். செயலியின் புதுப் பதிப்பு அன்று காலைதான் வந்து இறங்கும்.

வுலான் அன்றைக்கே 'மேலே' என்பதை அழித்து 'கீழே' என்று எழுதினாள்.

அடுத்த டெமோவில் பொத்தான் மேலே உட்கார்ந்திருந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி நான் கேக்க முடியாதும்மா," என்றார் ஹெந்தார். அவருக்கும் வருத்தம்தான்.

மதியம், பத்தகோர் என்னும் பொரித்த மீன் வடை விற்கும் வண்டியருகே செசெப்பைப் பிடித்தாள்.

"ஏன்டா, அந்தப் பொத்தானை ஏன் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக்கிட்டே திரியறீங்க?"

"தேவை மாறிடுச்சுக்கா."

"யாரு மாத்துறா?"

"யாருன்னு உங்களுக்கே தெரியாதாக்கா?" என்று கடலைச் சட்னியை வழித்துக்கொண்டு போய்விட்டான்.

மேலிடம்தான் என்று நினைத்துக்கொண்டாள் வுலான்; மேலிடத்தோடு மல்லுக்கு நிற்க அவளால் முடியாது. வீட்டு வாடகை இருக்கிறது, அம்மாவின் மருந்து இருக்கிறது. யோசித்து யோசித்து, எவரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வாக்கியம் எழுதினாள்: 'பச்சைப் பொத்தான் எங்கு இருந்தாலும் அதை அழுத்தவும்.' அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த டெமோவில் பொத்தான் கீழே இருந்தது; அந்த வரியில் யாரும் தப்புக் காணவில்லை. அதற்கும் அடுத்த டெமோ நாள். ஹெந்தார் அந்த வரியை வாசித்தார். திரை விரிந்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு பச்சைப் பொத்தான்கள்.

வுலான் தன் பையை மெல்ல மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது என்ன கூத்து, செசெப்?" என்றார் ஹெந்தார்.

செசெப்புக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஒவ்வொரு டெமோவிலயும் வாசிக்கிற கையேட்டைப் பாத்துத்தான் அடுத்த பதிப்பைச் செய்யறோம். மேலன்னு எழுதினாங்க, மேல வச்சோம். கீழன்னு எழுதினாங்க, கீழ இறக்கினோம். இப்ப எங்க இருந்தாலும்னு எழுதியிருக்காங்க, நாங்க என்ன பண்றது பாக்? இந்த ஆபீஸ்ல இந்தச் செயலி எப்படி இருக்கணும்னு எழுதி வைக்கிற ஒரே ஆள் வுலான் அக்காதானே!"