மைக்கில் விழாது என்று நினைத்தது

கரமனை,
ஆவணி, 2004.

மகாராஜராஜஸ்ரீ அனந்தநாராயணன் அவர்களுக்கு பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் உடம்பு க்ஷேமம், மானம் க்ஷேமமில்லை. தங்களுடைய சௌக்கியத்தை விசாரிக்கும் யோக்கியதைகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. போனில் என் குரல் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு எங்கள் ஜானவியைப் பெண் பார்க்க வந்தபோது நடந்தது, வேண்டுமென்று செய்ததல்ல. பொன்முடி மலைக்குப் போய் மழையில் நனைந்து அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "பாட்டை இன்னொரு நாள் கேட்டுக்கலாமே" என்று தங்கள் ஆத்து கோமதி மாமி பெருந்தன்மையாகச் சொன்னாள். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரிட்டயரானதிலிருந்து நான் கூடத்தில் பிரதிஷ்டை பண்ணி வைத்திருப்பது என்ன? கம்ப்யூட்டர், அதிலிருந்து பாட்டைச் சுத்தமாக எடுத்துக் கொடுக்க ஒரு கன்வர்ட்டர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், போன வாரம்தான் வந்து இறங்கின ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு. காட்டாமல் இருக்க மனசு வருமா? ஜாதகம் பொருந்தின புதிதில் ஜானு பாடினதை நல்ல மைக் வைத்து நேரே கம்ப்யூட்டரில் பிடித்திருந்தேன். "சிடியெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமில்லையாக்கும். கண்ணை மூடிண்டு கேளுங்கோ, அவ மூச்சு விடறதுகூடக் கேக்கும்" என்று பெருமையடித்து, தங்களை ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் உட்கார்த்தி வைத்த பாவி நான்தான்.

மூச்சு கேட்டது. தாங்கள்கூட "பேஷ்" என்றீர்கள். அப்புறம் அதே பதிவில் அடுக்களைக் குக்கர் சத்தம். அதற்கப்புறம் என் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசற மாதிரி: "பையன் தங்கமாக்கும், சூடாமணி. அப்பாவைத்தான் தாங்க முடியலை. பழவங்காடி கோவில்ல சிதறுகாய் அடிக்கப் போன என்னைப் பிடிச்சு நிறுத்தி, முட்டி ஆபரேஷன் கதையை ஆரம்பிச்சுட்டார். நடு ரோட்டில வேஷ்டியைத் தூக்கித் தழும்பைக் காமிக்கறார்! பிள்ளையாரே கண்ணை மூடிண்டிருப்பார்."

என் ஆம்படையாள் குரல்: "மெதுவாப் பேசுங்கோ, மைக்கில விழப்போறது."

"மைக் அவ வாய்க்கு நேரா இருக்கு. இங்க பேசறது விழாது. உனக்கு இதெல்லாம் தெரியாது."

கேட்டேளா, கம்ப்யூட்டரோட வந்த குட்டி ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாச்சு, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பெரிய ஸ்பீக்கர் ஒண்ணையும் மறைக்காதுன்னு எல்லார்கிட்டயும் பீத்திண்டது பலிச்சுடுத்து. நிறுத்தலாம்னு ஓடினேன், மவுஸ் அம்பைக் காணலை, பதட்டத்துல ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருகினேன், சத்தம்தான் ஏறித்து. தங்கள் பிள்ளை ஹரிஷங்கர் தலையைக் குனிஞ்சுண்டான், அழறானோ சிரிக்கறானோ தெரியலை. தாங்கள் எழுந்திருக்கறச்சே முட்டியைப் பிடிச்சுண்டு மெல்ல எழுந்தேளே, அதைப் பார்த்ததும் பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்தது. வலிக்கிற மனுஷனைப் பத்தியா இப்படிப் பேசினேன்! இதைவிட நாணக்கேடு உண்டா? பஜ்ஜி தட்டோட அப்படியே ஆறிப்போச்சு. ஜானு என்னோட பேசறதில்லை. சூடாமணி பேசறா, பேசாம இருந்தா தேவலை.

என் வாய்க்கொழுப்புக்குக் குழந்தைகளைத் தண்டிக்கப்படாது. நேரில் வந்து காலில் விழவும் தயார். அந்தப் பதிவை அப்போதே அழித்துவிட்டேன். தங்கள் முட்டிக்குக் கணபதி பூரண குணம் அருளட்டும். மாமிக்கு நமஸ்காரம். ஹரிஷங்கருக்கு ஆசீர்வாதம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
தலைகுனிந்த பஞ்சாபகேசன்

பி.கு.: கவரை ஒட்டுகிற சமயம் கோமதி மாமி போன் பண்ணினாள். கல்யாணம் நிச்சயம்தானாம், தங்களை அவள் பார்த்துக்கொள்வாளாம். இத்தனை வருஷமா தான் சொல்ல நினைச்சதை இன்னொருத்தர் வாயால், அதுவும் அவ்வளவு துல்லியமாக் கேட்டதில் பரம சந்தோஷமாம். அதை ஒரு சிடியில் போட்டு, தங்களுக்குத் தெரியாமல் அனுப்பணுமாம். அழித்துவிட்டேன் என்று மேலே எழுதியது அவ்வளவு சரியில்லை. சிடி நாளைக்கு வருகிறது. இந்தப் பின்குறிப்பை மட்டும் தாங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.