வலது கால் மட்டும்

ஊர்: கணபதி,
ஈஸ்டர் திங்கள்.

பங்குக் கோயில் மடலின் ஆசிரியர் அம்மணி அன்புக்கரசி அவர்களுக்கு, உயிர்த்த ஆண்டவரின் பெயரால் சவரியப்பன் எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி பிலோமினாவும் நலம். அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

தவக்காலம் முழுக்கக் கோயிலுக்கு உழைத்த தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லி நாலு வரி கேட்டிருந்தீர்கள். அவர்களால் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால்தானே நன்றியின் அளவு தெரியும்.

சர்க்கரை வியாதியில் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது உங்களுக்குத் தெரியும். லேத்துப் பட்டறையில் ஆயுசெல்லாம் நின்ற கால். அதற்குப் பிறகு நான் கோயில் பக்கமே வரவில்லை. லூர்துராஜும் அவனுடைய தன்னார்வலர் கூட்டமும் விட்டார்களா? கேட்காமலே கக்கூஸில் பிடித்துக்கொள்ளப் பைப் அடித்தார்கள். கேட்காமலே வாசற்படியை இடித்துச் சரிவு போட்டார்கள். ஒருவன் குழம்பு கொண்டுவந்தால் பின்னாலேயே இன்னொருவனும் அதே குழம்பைக் கொண்டுவந்தான். மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து அழக்கூட முடியவில்லை.

பெரிய வியாழன் வந்தது. ஆண்டவர் அன்று சீடர்களுக்குச் செய்ததுபோல் ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில், வருஷா வருஷம் நான்தான் பேதுருவாகிய ராயப்பர். "ஒத்தக் காலோட என்னப்பா சீடன்?" என்றேன். "பன்னண்டு பேருக்கு ஒரு காலு கொறஞ்சா ஆண்டவர் கணக்குப் பார்ப்பாருங்களா மாமா?" என்றான் லூர்துராஜ்.

நான் ஒத்துக்கொண்டது பக்தியால் அல்ல. நம் கோயிலில் சீடர்கள் வலது காலை மட்டும் நீட்ட வேண்டும், ஃபாதர் அதை மட்டும்தான் கழுவுவார். எனக்கோ அது இல்லை. ஆகவே என்னைத் தாண்டிப் போய்விடுவார், இடது கால் உறைக்குள்ளேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்த உறைக்குள் என் சுண்டுவிரல் கருத்துக்கொண்டிருந்தது. பிலோமினாவுக்குக்கூடக் காட்டவில்லை. இன்னொரு தடவை ஆபரேஷன் மேஜையில் படுக்க எனக்குத் தைரியம் இல்லை, அம்மணி.

பக்கத்து வீட்டு மயில்சாமியின் குட்டியானை லோடு வண்டியில், குருத்தோலை ஞாயிறுக்கு வாங்கி மீந்துபோன ஓலைகளுக்கு நடுவே, நாற்காலியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி என்னை ஏற்றினார்கள். சிக்னலில் ஓர் அம்மாள் எந்தச் சாமி என்று கேட்டுக் கும்பிட்டாள். "சவரியப்பசாமிங்க, கேட்டதெல்லாம் குடுக்கும்" என்றான் மயில்சாமி. கோயிலில் ஃபாதர் குனிந்த தலை நிமிராமல் வரிசையாக வந்தார். பழக்கதோஷத்தில் கால் இல்லாத இடத்தில் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். தண்ணீர் தரையில் விழுந்தது, பாட்டு நின்றுபோனது, அவரும் திகைத்து அடுத்த நாற்காலிக்கு நகரப் பார்த்தார். அதுவரை என் கணக்குச் சரி. பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா, "எடது காலுங்க ஃபாதர், எடது காலக் கழுவுங்க!" என்று கத்தினாள். கோயிலே சிரித்தது. நான் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துண்டோடு மண்டியிட்டிருந்த லூர்துராஜ், "கூச்சப்படாதீங்க மாமா" என்று அதை உருவிவிட்டான்.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்த நாற்றத்திலும் ஃபாதர் காலைக் கழுவி முத்தமிட்டார். லூர்துராஜ் துண்டைச் சுற்றி மூடி, பூசை முடியும்வரை என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஊரெல்லாம் சிலுவைப்பாதைக்குப் போக, என்னை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல் மட்டும் போதாதாம். மருந்து ஏற்றி, ஈஸ்டருக்கு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். புதன்கிழமை பாதத்தையே எடுக்கிறார்கள்.

ஆகவே தன்னார்வலர்களுக்கு என் நன்றி. இனி ஒருவரும் என் வீட்டுச் சரிவில் ஏற வேண்டாம். ராயப்பர் நாற்காலியை இரண்டு கால் உள்ள எவனுக்காவது கொடுத்துவிடவும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல கால்களும் அருள்வாராக.

இப்படிக்கு,
ம. சவரியப்பன்

பி.கு.: இந்த மாதமும் மறைத்திருந்தால் ஆளே போயிருப்பான் என்று டாக்டர் சொன்னதை மேலே எழுத மனம் வரவில்லை. லூர்துராஜ் வாசலில் நிற்கிறான், அதே குழம்போடு. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அவன்தான் துணை. மேலே உள்ளதை மடலில் போட வேண்டாம். நாற்காலியையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆண்டவர் பாதம் கழுவ வந்த அன்றைக்கு ராயப்பர் காலோடு விடாமல் கையையும் தலையையும் கழுவச் சொல்லிக் கேட்டார். அடுத்த வருஷம் என்னிடம் அவை மிச்சம் இருக்கும்.