வலப்பக்கத்துத் தோல் மடிப்புக்கு நான் சாட்சி சொல்வதாக இல்லை

தக்கலை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான நேசபாய் அக்காவுக்கு, தம்பி ஞானதாசன் தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சத்தியபாயும் சுகம். அத்தானுக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. அதனால் கடிதம், இதில் குறுக்கே பேச முடியாது.

வருகிற ஞாயிறு ஆராதனையில், ஜெபத்தால் சுகமானதாக நான் எழுந்து சாட்சி சொல்வேன் என்று யாரைக் கேட்டுப் போதகரிடம் சொன்னீர்கள்? என் பிடரியில் இருந்த கொழுப்புக் கட்டியை டாக்டர் லட்சுமிப்ரியா வெட்டி எடுத்துத் தைத்தார். தையல் பிரித்தபோது இரண்டு முனையிலும் தோல் கொழுக்கட்டை நுனி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அந்த டாக்டர் பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டது: வட்டமாக வெட்டினதை நேர்கோடாக இழுத்துத் தைத்தால் மிச்சத் தோல் முனையில்தான் குவியும், மாதங்கள் போகப் போகப் பெரும்பாலும் தானே படியும், படியாவிட்டால் அப்புறம் சின்னதாகச் சரிசெய்யலாம், அதுவரை யாரும் கை வைக்க வேண்டாம். கை வைக்காத ஆள் யார்? சத்தியபாய் தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தி என் சட்டைக் காலரையெல்லாம் நாசமாக்கினாள். முடிவெட்டுகிறவன் மரு என்று நினைத்து, நூல் கட்டி அறுத்துவிடலாமா என்று கேட்டான். நீங்களோ அதை ஜெபக் குறிப்பில் சேர்த்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக என் பிடரியைத் தடவிப் பார்த்த பிறகுதான் சுக்குக்காப்பி குடித்தார்கள். நான் குனிந்தபடியே இருந்ததைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது இடப்பக்கம் படிந்துவிட்டது. உடனே அது உங்கள் ஜெபம் என்கிறீர்கள். அப்படியானால் ஆண்டவர் பாதிக் கழுத்துக்கு மட்டுமா செவிகொடுத்தார் என்று நான் கேட்டதற்கு, "வலப்பக்கம் நிக்கது உனக்க அவிசுவாசம் மக்கா" என்றீர்களே, அது எனக்கு வலித்தது. அவிசுவாசிக்கு எதற்கு மைக்? ஆண்டவர் மேல் எனக்கு வழக்கு கிடையாது. டாக்டர் முன்கூட்டிச் சொன்னது நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை அற்புதம் என்று சபை நடுவில் சொன்னால் பொய். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து அனுப்பாவிட்டாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி. எனக்கு வேறு அக்கா இல்லை, தெரியும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கூடவே கொஞ்சம் பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத தம்பி,
ஞானதாசன்

பி.கு.: கவரை ஒட்டும்போது சத்தியபாய் பின்னாலிருந்து தடவிப் பார்த்து, "வலப்பக்கமும் படிஞ்சிட்டு" என்கிறாள். டாக்டர் சொன்னபடிதான். நீங்கள் வேறு சொல்வீர்கள். சரி, ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கிறேன். ஆனால் தோலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கட்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, புற்றாக இருக்குமோ என்று நான் நடுங்கிக் கிடந்தபோது, முடிவு வாங்கப் போன நாளில், அது கைக்கு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைக்கு ஜெபிக்கக்கூட உங்களுக்கு வாய் வரவில்லை, அக்கா, அழுதுகொண்டே இருந்தீர்கள். அதற்கு நான் சாட்சி.