கரட்டுமேட்டுக் கல்லுக்கு ஒரு சட்டம்

ஒரு காட்டில் ஒரு சுனை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், அப்புறம் எனக்குத்தான் வம்பு.

அந்தக் காட்டின் ஓரத்தில் கரட்டுமேடு என்று ஒரு பகுதி. மரம் குறைச்சல், கல் ஜாஸ்தி. உடும்பு, பெருச்சாளி, முயல், கவுதாரி என்று சின்னஞ்சிறு உருப்படிகள்தான் அங்கே குடியிருப்பு. எல்லோருக்கும் குடிக்க அந்த ஒரு சுனைதான். மூன்றாம் காட்டுப் பேரவைக்குத் தேர்தல் வந்தபோது காட்டெருமைக் கட்சியினர் ஓட்டுக் கேட்டு வந்தார்கள். தலைவர் கொம்பழகனார் நின்று பேச மேடை வேண்டாமா? தொண்டர் எருமைகள் நாலு பேர் மேட்டிலிருந்து ஒரு பாறாங்கல்லை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கல் என்ன கட்சி உறுப்பினரா, நில் என்றால் நிற்பதற்கு? அது உருண்டுபோய்ச் சுனையின் வாயை அடைத்து உட்கார்ந்துகொண்டது. கொம்பழகனார் அதன்மேலேயே ஏறி நின்று, "வளைக்கு வளை தண்ணீர்!" என்று முழங்கிவிட்டுப் போனார். கைதட்டல் வேறு. தட்டியதுகளை என்ன சொல்வது, தாகத்தில் இருந்ததுகள்தான் தட்டின.

கரட்டுமேட்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவள் வீராயி உடும்பு. பிடித்தால் விடமாட்டாள் என்றுதான் அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த மறுநாளே சடையன் பெருச்சாளி தன் பெண்டாட்டி பேச்சியோடு வந்து நின்றான்.

"அக்கா, கல்லை அசைக்க நம்மால ஆகாது. ஆனா பக்கவாட்டுல தோண்டினா சுனை எட்டிரும். நானும் பேச்சியும் கையை வச்சா அரை நாள் வேலை."

"தோண்டுவ. நாளைக்கு அவனுங்க அந்தக் குழி மேலயும் ஒரு கல்லை உருட்டிவிட்டா?" என்றாள் வீராயி. "சடையா, இதை முறைப்படி பார்ப்போம். பேரவையில சட்டம் போட்டு, போட்டவங்க கையாலயே எடுக்க வைக்கிறேன். அதுக்குத்தானே என்னை அனுப்புறீங்க? நான் சொல்ற வரைக்கும் மண்ணுல உன் நகம் படக்கூடாது."

சடையன் பேச்சியைப் பார்த்தான். பேச்சி, "அக்கா படிச்சவங்க, சொன்னா சரியா இருக்கும்," என்றாள். படிச்சவளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் சடையன் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து கரட்டுமேடு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. ஆறு ரெண்டு மைல். ஆற்றுத்துறையில் முதலை.

பேரவை ஒரு பெரிய இலுப்பை மரத்தடியில் கூடியது. பேரவைத் தலைவர் ஆந்தையார். பகலில் கூடும் சபைக்கு ஆந்தையை ஏன் தலைவராக்கினார்கள் என்று வீராயி வெகுளியாகக் கேட்டாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறவர் அவர் ஒருவர்தான் என்றார்கள். முதல் வருடம் முழுக்க ஒரே விவாதம். குரங்கு உறுப்பினர்கள் மேல்கிளையில் உட்காருகிறார்களே, அது தலைவரின் இருக்கையைவிட உயரமாயிற்றே, தகுமா? அந்த வருடம் சபை கூடிய ஐம்பத்தாறு நாளும் இதையே பேசினார்கள். கடைசியில் தலைவரை இன்னும் உயரத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் அவர் காதில் எதுவும் விழவில்லை. முன்னாலும் விழுந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீராயி கொம்பழகனாரைத் தனியாகப் பிடித்தாள். அவர் இப்போது அமைச்சர்.

"ஐயா, உங்க ஆளுங்க போட்ட கல்லு. நீங்க ஒரு முட்டு முட்டினா நகர்ந்திரும்."

கொம்பழகனார் சிரித்தார். "அம்மா, கல்லைப் போட்டது கட்சி. எடுக்க வேண்டியது அரசு. கட்சி காரியத்தில் அரசு தலையிட்டால் ஜனநாயகம் என்னத்துக்கு ஆகும்? மசோதா கொண்டு வாருங்கள். நானே முன்னால் நின்று ஆதரிக்கிறேன்."

கொண்டு வந்தாள். ஒரே ஒரு வரி: 'கரட்டுமேட்டுச் சுனையின்மேல் கிடக்கும் கல் அகற்றப்படும்.' இவ்வளவுதான் மசோதா. ரெண்டாம் வருடம் அறிமுகமானது. ஒரு வரியில் மசோதா இருந்தால் பேரவைக்கு என்ன மரியாதை என்று, ஆராய்ந்து விரிவாக்கக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழுத் தலைவர் ஆமையார். வீராயி போய் விசாரிக்கும்போதெல்லாம் அவர், "ஆராய்கிறோம்," என்று சொல்லித் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது மசோதா. அவளும் விடவில்லை, வாரம் தவறாமல் போய் ஓட்டைத் தட்டினாள்.

மூன்றாம் வருடக் கோடையில் பேச்சி ஆற்றுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

சடையன் அழவில்லை. நேராகச் சுனைக்குப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். வீராயி ஓடிப்போய் அவன் முன்னால் விழுந்தாள்.

"சடையா, பாவிதான் நான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மசோதா குழுவில இருக்குடா. வர்ற செவ்வாய்க்கிழமை பேச எனக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க. இப்ப நீ தோண்டினா, 'தண்ணிதான் கிடைச்சிருச்சே, சட்டம் எதுக்கு'ன்னு தூக்கிப் போட்டுருவாங்க."

"அப்போ தண்ணி கிடைக்காம இருந்தாத்தான் தண்ணி கிடைக்குமாக்கா?"

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை வரைக்கும்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வீராயி பேச எழுந்தாள். அதே நேரம் செயலாளர் கிளியார் ஒரு துக்கச் செய்தி வாசித்தார். ஆற்றுத்துறை முதலையார் காலமாகிவிட்டார். முதலாம் பேரவையின் முன்னாள் உறுப்பினராம். தொண்டையில் ஏதோ எலும்பு சிக்கி உயிர் போய்விட்டதாம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "அன்னாரின் பரந்த வாயும் பரந்த மனமும் மறக்கவொண்ணாதவை," என்று கொம்பழகனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீராயி ஆந்தையாரின் கிளையைப் பார்த்துத் திரும்பினாள். "தலைவர் அவர்களே! அந்தத் தொண்டையில சிக்குனது எங்க பேச்சிதான்!" என்று கத்தினாள்.

ஆந்தையார் அந்த ஐந்து வருடத்தில் விழித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். "மறைந்த உறுப்பினரின் உணவுப் பழக்கம் பற்றிப் பேசுவது மரபல்ல. பேச்சி என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. மறைந்தவருக்கு மரியாதை செலுத்தி அவை ஒத்திவைக்கப்படுகிறது," என்றார். தின்றவனுக்கு ரெண்டு நிமிட மௌனம். தின்னப்பட்டவளுக்கு நிரந்தர மௌனம். பேரவை மரபு என்றால் சும்மாவா?

நாலாம் வருடம் வெளிநடப்பு வருடம். எதிர்க்கட்சி காலையில் வெளிநடப்பு செய்யும். அதைக் கண்டித்து ஆளுங்கட்சி மத்தியானம் வெளிநடப்பு செய்யும். ரெண்டு பேரும் பின்னால் இருக்கிற பலாமரத்தடியில் சந்தித்துச் சேர்ந்து சுளை தின்பார்கள். உள்ளே வீராயி மட்டும் தன் இடத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போதுமான உறுப்பினர் இல்லை என்று கிளியார் மணி அடிப்பார். அந்த மணிச் சத்தம் கேட்டுத்தான் வெளியே இருந்தவர்களுக்கு அடுத்த பலாப்பழத்தை வெட்டும் நேரம் தெரிந்தது.

ஊருக்குப் போனால் சடையன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "வாங்க உறுப்பினரக்கா," என்பான், அவ்வளவுதான். நாற்பது வளைகள் இருந்த மேட்டில் பதினேழுதான் மிச்சம். மற்றவை ஊரைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தன, அல்லது ஆற்றோடு போயிருந்தன. துறைக்குப் புது முதலை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வீராயி ஒரே பாட்டைத்தான் பாடினாள்: "குழுவில இருக்கு."

ஐந்தாம் வருடத்தின் கடைசி நாள். சூரியன் மறைந்தால் பேரவை கலைந்துவிடும். கலைந்தால் முடியாத மசோதா எல்லாம் காலாவதி. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து வருடமாகச் சும்மா கிடந்த சபைக்கு அன்று பார்த்து வேலைவெறி பிடித்துக்கொண்டது. நாற்பத்திரண்டு மசோதாக்களை முடித்தாக வேண்டுமாம். பொழுது சாய ஒரு நாழிகைதான் இருந்தது. கிளியார் பெயரை வாசிப்பார், "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார், கழுதை உறுப்பினர்கள் "ஆம்" என்று கத்துவார்கள், மசோதா நிறைவேறிவிடும். மூச்சுவிட நேரமில்லை.

முப்பத்தெட்டாவது மசோதா போய்க்கொண்டிருந்தபோது ஆமையார் நகர்ந்து நகர்ந்து வந்து வீராயி முன்னால் பெரிய இலைக்கட்டு ஒன்றை வைத்தார். நானூறு இலை இருக்கும். ஒரு வரி மசோதா குழுவுக்குள் போய் இப்படிப் பிள்ளை பெற்று வந்திருந்தது.

"இது என்னய்யா?"

"உங்கள் மசோதாதான் அம்மா. கொஞ்சம் திருத்தம். பெயரைப் பாருங்கள், மாறவே இல்லை. கரட்டுமேட்டுச் சுனைக் கல் மசோதா."

அவள் முதல் இலையைப் புரட்டினாள். முன்னுரை. ரெண்டாவது இலையும் முன்னுரை. அண்ணாந்து பார்த்தாள், சூரியன் இலுப்பை மரத்தின் அடிக்கிளைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து படித்தால் காலாவதி. படிக்காமல் ஆம் என்றால் சட்டம். பதினேழு வளையும் சடையனின் முகமும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. முதலில் நிறைவேறட்டும், திருத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புத்திசாலிகள் எல்லோரும் குழியில் விழுவதற்கு முன்னால் நினைப்பது இதுதான்.

"ஏற்போர் ஆம் என்க."

"ஆம்!" என்று வீராயி போட்ட சத்தத்தில் கழுதைகளே வாயடைத்துப் போயின. கொம்பழகனார் எழுந்து வந்து அவளுக்கு மாலை போட்டார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்துக் கொம்பழகனார் பரிவாரத்தோடு கரட்டுமேட்டுக்கு வந்தார். வீராயி ஒவ்வொரு வளையாகப் போய் எல்லோரையும் கூப்பிட்டாள். சடையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "பாருடா, போட்டவங்களே எடுக்க வந்திருக்காங்க," என்றாள்.

தொண்டர் எருமைகள் கல்லைத் தள்ளவில்லை. சுற்றி முள்வேலி போட்டார்கள். காவலுக்கு நாலு நரிகளை நிறுத்தினார்கள். கொம்பழகனார் கட்டைப் பிரித்து வாசித்தார். வளைக்கு வளை தண்ணீர் என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க உரை இந்தக் கல்லின்மேல் நின்றுதான் ஆற்றப்பட்டது. எனவே கல் அகற்றப்படும் என்பது கல் போற்றப்படும் என்று திருத்தப்பட்டிருக்கிறது. கல்லைச் சுற்றி ஒன்பதடிக்குள் தோண்டுவது குற்றம். தொடுவது பெருங்குற்றம். கல்லுக்கு அடியில் தண்ணீர் ஏதும் இருந்தால் அது கல்லுக்கே சொந்தம். மசோதாவுக்காக அயராது உழைத்த உறுப்பினரைக் கௌரவிக்கும் வகையில் இது இனி வீராயிக் கல் என்று அழைக்கப்படும்.

கொம்பழகனார் கைதட்டலுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே தட்டிக்கொண்டு கிளம்பினார்.

சடையன் வீராயியைத் திரும்பிப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "அரை நாள் வேலைக்கா," என்று மட்டும் சொன்னான்.

"தோண்டுடா," என்றாள் வீராயி. "நானும் வர்றேன்."

பட்டப்பகலில், வேலிக்குக் கீழே புகுந்து, ரெண்டு பேரும் நகத்தை மண்ணில் வைத்தார்கள். காவல் நரிகளுக்கு முதலில் புரியவில்லை. சட்டம் கொண்டுவந்த அம்மாளே தோண்டுகிறாளே, திறப்பு விழாவோ என்னவோ என்று சல்யூட் அடித்துக்கொண்டு நின்றன. மத்தியானத்துக்குள் ஈரமண் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. அரை நாள்தான். சடையன் சொன்ன கணக்கு ஒரு நாழிகைகூடத் தப்பவில்லை.

சடையன் ஒரு வாய் குடித்தான். "பேச்சிக்கு எட்டலியேக்கா," என்று அப்போதுதான், ரெண்டு வருடம் கழித்து, வாய்விட்டு அழுதான். வீராயி குடிக்கவில்லை.

அதற்குள் நரிகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சடையனைக் கட்டின. வீராயியின் வாலைப் பிடித்து இழுத்தன. அவள் சும்மா வருவாளா? நாலு காலாலும் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலு நரி இழுத்தும் அசையவில்லை. அதனால் தோண்டிய குற்றத்தோடு தொட்ட பெருங்குற்றமும் சேர்ந்துகொண்டது. மாலையில் கொம்பழகனார் ஆட்கள் வந்து, புதிய குழியின்மேல் இன்னொரு கல்லை உருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஜெயித்த மறுநாள் சடையனிடம் அவள் சொன்னது அப்படியே நடந்தது. இது மட்டும்தான் அந்த ஐந்து வருடத்தில் அவள் சொல்லி நடந்தது.

கிளியார் எழுதி வெளியிட்ட 'மூன்றாம் காட்டுப் பேரவை: உறுப்பினர்களும் பணிகளும்' என்ற மலரில் அவளுக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியிருக்கிறார்கள். படத்தோடு. அதில் இப்படி இருக்கிறது: 'வீராயி உடும்பு, கரட்டுமேடு, சுயேச்சை. வருகை: நூறு சதவீதம். கேட்ட கேள்விகள்: முந்நூற்றுப் பன்னிரண்டு. பெற்ற பதில்கள்: இல்லை. கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம்: ஒன்று. அச்சட்டத்தின்கீழ் கைதான முதல் உறுப்பினர்: அவரே.'

நீதி: தண்ணீர் வேண்டுமென்றால் தோண்டு. பெயர் வேண்டுமென்றால் மசோதா கொண்டு வா. இரண்டும் வேண்டுமென்றால் கல்லாகப் பிற.